வெப் டிசைன், மார்க்கெட்டிங், தொழில்: எந்தப் புத்தகத்தை வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சின்னக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பம்பு, கிரைண்டர், மில் உதிரிபாகம், நடுவில் ஒரு பல் ஆஸ்பத்திரி. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளும், தங்கள் கடைக்குத் தாங்களே தளம் போட்டுக்கொள்ள நினைப்பவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: என்ன படிக்கலாம்? ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துப்போய், மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் நான் படித்தவை. பெரும்பாலானவற்றை வேலையில் போட்டும் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்குவது?

ஸ்டீவ் க்ரூக் எழுதிய 'டோன்ட் மேக் மீ திங்க்'. என்னை யோசிக்க வைக்காதே என்று தலைப்பிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. முதலில் வந்தது 2000இல். மொபைலையும் சேர்த்துத் திருத்திய மூன்றாம் பதிப்பு 2014இல் வந்தது, அதையே வாங்குங்கள். விமானப் பயணம் ஒன்றில் படித்து முடிக்கிற அளவில்தான் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு எழுதியிருக்கிறார். நமக்குக் கோவை எக்ஸ்பிரஸ் போதும். சென்ட்ரல் வருவதற்குள் முடித்துவிடலாம், நடுவில் ஒரு தூக்கமும் போடலாம்.

அவர் சொல்வது இதுதான். தளத்துக்கு வருகிறவர் படிப்பதில்லை, மேய்கிறார். இருப்பதிலேயே நல்ல வழியைத் தேடுவதில்லை, பரவாயில்லை என்று தோன்றுகிற முதல் இடத்தில் தட்டிவிடுகிறார். அதனால் மாதத்தில் ஒரு காலைப்பொழுது மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தளத்தைக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பாருங்கள் என்கிறார். ஐம்பது பேர் வேண்டாம், மூன்று பேர் போதும்.

நான் இதை நம்பியது ஒரு பம்பு கம்பெனி வேலையில்தான். முதலாளியின் மச்சான் ஆபீசுக்கு வந்திருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, மூலையில் விரிசல் விட்ட போன். "இந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போடுங்க, பார்க்கலாம்" என்று தளத்தைத் திறந்து கொடுத்தேன். மேலேயே சிவப்பில் பெரிய எழுத்தில் நம்பர். அதைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார். அப்புறம் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, சட்டைப் பையிலிருந்து டீசல் பில் ஒன்றை எடுத்து, அதன் முதுகில் நம்பரை எழுதி, தளத்தை மூடிவிட்டு, டயல் செய்தார். "போட்டாச்சுங்க" என்று நிமிர்ந்தார். முகத்தில் ஒரே பெருமை.

எனக்குத்தான் முகம் செத்துப்போனது. நம்பரைப் படத்துக்குள் எழுத்தாகப் போட்டுவிட்டேன். படத்தைத் தட்டினால் போன் எப்படிப் போகும்? சரிசெய்ய இருபது நிமிஷம். ஆனால் இரண்டு வாரமாக அந்தப் பக்கத்தைத் தினமும் பார்த்தவன் நான், என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

2000இல் வந்த புத்தகம் இன்னும் செல்லுபடியாகுமா?

கருவியைப் பற்றிய புத்தகம் பால் மாதிரி, சீக்கிரம் திரிந்துவிடும். மனுஷனைப் பற்றிய புத்தகம் ஊறுகாய் மாதிரி. க்ரூக் எழுதியது ஊறுகாய்.

இன்னும் பழைய ஜாடி வேண்டுமென்றால் டான் நார்மன் எழுதிய 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' இருக்கிறது. 1988இல் வேறு பெயரில் வந்து, பிறகு இந்தப் பெயருக்கு மாறி, 2013இல் முழுக்கத் திருத்தப்பட்டது. மூக்கும் பிடியும் ஒரே பக்கம் இருக்கும் கெட்டில் அட்டையில் இருக்கும், கடையில் அடையாளம் கண்டுகொள்ளலாம். வெப்சைட்டைப் பற்றிய புத்தகம் இல்லை. கதவு, அடுப்புக் குமிழ், விளக்கு ஸ்விட்ச் பற்றியது. தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா என்று தெரியாமல் ஒருவர் கதவில் முட்டிக்கொண்டால் தப்பு கதவின் மேல் என்கிறார். நம் ஊர் பேங்குக் கண்ணாடிக் கதவில் 'தள்ளு' 'இழு' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அந்தக் கதவு தோற்றுவிட்டது என்பதற்கு அந்த ஸ்டிக்கரே சாட்சி. தளத்தில் அம்புக்குறி போட்டு 'இங்கே கிளிக் செய்யவும்' என்று மினுக்குகிறோமே, அதுவும் ஸ்டிக்கர்தான்.

நடுவில் கொஞ்சம் இழுக்கும். முதல் மூன்று அத்தியாயம் படித்தாலே காசு வசூல்.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கற்றுக்கொள்ளப் புத்தகம் வேண்டுமா?

வெப் பக்கத்தை எழுதவும் அழகுபடுத்தவும் பயன்படும் மொழிகள் இவை. இதுதான் திரிகிற பால். ஜான் டக்கெட் எழுதிய 'எச்டிஎம்எல் அண்ட் சிஎஸ்எஸ்' 2011இல் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணம், பத்திரிகை மாதிரி அழகு. புரோகிராம் எழுதுவது என்றாலே பயப்படுகிறவர்கள்கூடத் திறந்து பார்ப்பார்கள். எழுத்து, நிறம், பட்டியல், படிவம் என்று அடிப்படைகளை அதில் படிக்கலாம். பக்கத்தை எப்படிப் பிரித்து அடுக்குவது என்ற அத்தியாயம் வந்ததும் மூடிவிடுங்கள். அது ஃப்ளோட் என்ற பழைய முறை இருந்த காலத்து வித்தை. ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்ற புது அடுக்கு முறைகள் வந்து எல்லாம் மாறிவிட்டது. கிரிட் முக்கியமான பிரவுசர்களுக்கு வந்ததே 2017இல்தான். அந்தப் பகுதிக்கு மொஸில்லாவின் எம்டிஎன் தளத்தைப் படியுங்கள். இலவசம், அவ்வப்போது திருத்தவும் செய்கிறார்கள்.

எனக்கு வரையவே வராது. டிசைன் வருமா?

வரும். எனக்கும் வரையத் தெரியாது, கோலம்கூட வராது.

ராபின் வில்லியம்ஸ் எழுதிய 'தி நான்-டிசைனர்ஸ் டிசைன் புக்' வாங்குங்கள். அந்த நடிகர் இல்லை, இவர் ஒரு அம்மா. 1994இல் முதல் பதிப்பு. நாலே விதி சொல்கிறார். வேறாக இருப்பது நன்றாகவே வேறாகத் தெரிய வேண்டும். ஒரு முறை செய்ததைப் பக்கம் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும். எல்லாம் ஏதாவது ஒரு கோட்டில் நிற்க வேண்டும். சேர்ந்த விஷயங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நடுவில் வைக்கிற பழக்கத்தை விடச் சொல்லி மன்றாடுகிறார். நம் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வந்துவிடும். படித்து முடித்த அன்றே வீட்டில் கிடக்கும் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து அந்த நாலு விதிப்படி மாற்றி அடுக்கிப் பாருங்கள்.

அடுத்த படி 'ரீஃபாக்டரிங் யூஐ'. ஆடம் வாத்தன், ஸ்டீவ் ஷோகர் இருவரும் 2018இல் தாங்களே வெளியிட்டது. விலை கொஞ்சம் கடிக்கும். முதலில் கறுப்பு, வெள்ளை, சாம்பலில் பக்கத்தைச் செய், அதிலேயே எது முக்கியம் என்று தெரிந்தால்தான் கலரைத் தொடு என்கிறார்கள். இன்னொன்று: இடைவெளியை முதலில் தேவைக்கு மேலேயே விட்டுவிட்டு, அப்புறம் குறைத்துக்கொண்டு வா. இதை வாடிக்கையாளரிடம் விற்பதுதான் கஷ்டம். "தம்பி, இவ்வளவு எடம் சும்மா கெடக்குதுங்களே" என்பார்கள். பேப்பரில் சதுர சென்டிமீட்டருக்குக் காசு கொடுத்து விளம்பரம் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். திட்ட மனசு வராது.

இதெல்லாம் ஆங்கிலத் தளத்துக்கு எழுதியது. தமிழ்த் தளத்துக்குப் பொருந்துமா?

மனுஷனைப் பற்றியது அப்படியே பொருந்தும். எழுத்தைப் பற்றியதைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துக்கலையில் எல்லாரும் கைகாட்டும் புத்தகம் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் எழுதிய 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் டைப்போகிராஃபிக் ஸ்டைல்', 1992. எழுதியவர் கனடாக் கவிஞர், அது ஒவ்வொரு வரியிலும் தெரியும். ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வசதியானது, 66 கச்சிதம் என்கிறார். வெப் டிசைனர்கள் இதை மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். தமிழில் எதை ஒரு எழுத்து என்று எண்ணுவது? 'கொ' என்பது நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறைக்கு இரண்டு, கண்ணுக்கு மூன்று உருவம். ஒரு எழுத்தின் அகலமும் ஆங்கில எழுத்தைவிட அதிகம். நான் எழுத்தை எண்ணுவதை விட்டுவிட்டு வார்த்தையை எண்ணுகிறேன். போன் திரையில் வரிக்கு நாலைந்து வார்த்தை வந்தால் சரி.

வரிக்கும் வரிக்கும் நடுவில் இடமும் கூடுதலாக வேண்டும். மேல் வரியின் 'மூ' கீழே தொங்கும், கீழ் வரியின் 'றீ' மேலே கொம்பை நீட்டும், இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு வைத்தால், தமிழுக்கு நான் 1.7 வைக்கிறேன். தடித்த எழுத்தைச் சின்ன அளவில் போட்டால் 'ணை', 'ஜூ' எல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு மைப்பொட்டாகத் தெரியும். பெரிய எழுத்து என்பது நம்மிடம் கிடையாது, சாய்வெழுத்தும் நம் எழுத்துக்குச் சொந்தமில்லை. ஆகவே ஒன்றை எடுப்பாகக் காட்ட அளவு, தடிப்பு, நிறம் மூன்றையும் மட்டும் நம்புங்கள்.

அப்புறம் பட்டன். பக்கத்தில் இருக்கும் வார்த்தைகளில் பாதியை வெட்டு, மிச்சத்தில் இன்னொரு பாதியை வெட்டு என்று க்ரூக் ஒரு விதி வைத்திருக்கிறார். தமிழில் இது இரண்டு மடங்கு உண்மை. ஒரு படிவத்தின் அடியில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டிருந்தேன். போனில் அது 'சமர்ப்பிக்க' ஒரு வரி, 'வும்' ஒரு வரி என்று உடைந்து நின்றது. 'அனுப்பு' என்று மாற்றினேன். யாரும் எதையும் சமர்ப்பிப்பதில்லை, கோயிலில் தவிர. அகராதியில் இருக்கிற வார்த்தையா, கடைக்காரர் வாயில் வருகிற வார்த்தையா என்று சந்தேகம் வந்தால் நான் கடைக்காரர் பக்கம். இதில் தமிழாசிரியர்களுக்கு என்மேல் வருத்தம் உண்டு.

மொபைலுக்கென்று தனிப் புத்தகம் வேண்டுமா?

இப்போது வேண்டாம். திரைக்குத் தக்கபடி பக்கம் மாறுவதற்கு 'ரெஸ்பான்சிவ்' என்று பெயர் வைத்தவர் ஈத்தன் மார்கோட், மே 2010இல், ஒரு கட்டுரையில். அடுத்த வருஷமே அது புத்தகம் ஆனது. லூக் ரோப்லெவ்ஸ்கியின் 'மொபைல் ஃபர்ஸ்ட்' வந்ததும் அதே 2011தான். இரண்டையும் போட்ட 'எ புக் அபார்ட்' பதிப்பகம் 2024இல் கடையைக் கட்டிவிட்டது. அவர்கள் சொன்னது இன்று காற்று மாதிரி எல்லா இடத்திலும் கலந்துவிட்டதால், அதற்கென்று காசு செலவழிக்க வேண்டாம். அதற்குப் பதில் ஜெரமி கீத்தின் 'ரெசிலியன்ட் வெப் டிசைன்' படியுங்கள். 2016இல் எழுதியது, இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். நெட் திணறினாலும் பக்கம் எப்படி உயிரோடு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனைமலைப் பக்கம் தோப்பில் நின்று உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள், அதன் அருமை தெரியும்.

மார்க்கெட்டிங் ஒன்றும் தெரியாது. எங்கே தொடங்குவது?

நூறு வருஷத்துக்கு முன்னால். கிளாட் ஹாப்கின்ஸ், 'சயன்டிஃபிக் அட்வர்டைசிங்', 1923. அவர் 1932இல் இறந்துவிட்டார், நூலின் காப்புரிமை முடிந்தது. இணையத்தில் நியாயமாகவே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். இதை ஏழு முறை படிக்காதவனை விளம்பரத் தொழிலுக்குள்ளேயே விடக்கூடாது என்றார் விளம்பர உலகின் பெரிய தலை டேவிட் ஓகில்வி. நான் மூன்று முறை படித்திருக்கிறேன், ஆக இன்னும் வாசலில்தான் நிற்கிறேன்.

ஹாப்கின்ஸ் விளம்பரத்தின் ஓரத்தில் கூப்பன் அச்சடித்து, எந்த விளம்பரத்திலிருந்து எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்று எண்ணிப் பார்த்துத்தான் அடுத்ததை எழுதியிருக்கிறார். இரண்டு பக்கத்தை ஓடவிட்டு எது ஜெயிக்கிறது என்று இன்று பார்க்கிறோமே, அதேதான்.

அவருடைய இன்னொரு புத்தகத்தில், 1927இல் வந்த தன்வரலாற்றில், ஷ்லிட்ஸ் பீர் கதை இருக்கிறது. அப்போது அமெரிக்காவில் பீர் விற்ற எல்லாருமே 'சுத்தம்' 'சுத்தம்' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஹாப்கின்ஸ் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். காற்றை வடிகட்டி விடும் கண்ணாடி அறைகள், ஆழ்கிணற்றுத் தண்ணீர், ஒரு பாட்டிலை நாலு முறை கழுவுவது. அசந்துபோய், "இதையெல்லாம் ஏன் வெளியே சொல்லவில்லை?" என்று கேட்டார். "எல்லா ஆலையிலும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்பது பதில். எல்லாரும் செய்வதை யாரும் சொல்லவில்லை, இவர் சொன்னார். ஐந்தாம் இடத்தில் இருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்துக்குப் பக்கம் வந்துவிட்டது என்று எழுதுகிறார். விளம்பரக்காரர் தன்னைப் பற்றியே சொல்வது, கொஞ்சம் உப்பு சேர்த்திருப்பார். இருக்கட்டும்.

படித்த அடுத்த வாரம் அதே பம்பு கம்பெனிக்குப் போனேன். பின்கட்டில் ஒரு சிமென்ட் தொட்டி. பார்சல் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பம்பையும் அதில் இறக்கி ஓட்டி, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று ஒரு நீள ரிஜிஸ்டரில் பம்பு நம்பரோடு எழுதுகிறார்கள். அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் கிரீஸ் கை. "இதைச் சைட்டுல போட்டா என்னங்கண்ணா?" என்றேன். "அதெல்லாம் எல்லாரும் பண்றதுதானுங்க தம்பி. இதப் போயி என்னன்னு சொல்றது?" வார்த்தைக்கு வார்த்தை பீர்க் கம்பெனிக்காரர் சொன்ன பதில்.

முகப்பில் இருந்த 'தரமே எங்கள் தாரக மந்திரம்' வரியை எடுத்துவிட்டு, அந்த ரிஜிஸ்டரின் ஒரு பக்கத்தை கிரீஸ் கறையோடு போட்டோ பிடித்துப் போட்டோம். கீழே இரண்டே வரி விளக்கம். கொஞ்ச நாளில் போன் செய்கிறவர்கள் "என் பம்புக்கும் அந்த நோட்டு காப்பி வருமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஓகில்வி படிக்கலாமா?

தாராளமாக. 1963இல் ஒன்று, 1983இல் 'ஓகில்வி ஆன் அட்வர்டைசிங்'. இரண்டாவதை வாங்குங்கள், படம் நிறைய. உள்ளே இருப்பதைப் படிப்பவர்களைவிடத் தலைப்பைப் படிப்பவர்கள் ஐந்து மடங்கு என்று அவர் சொன்னது இன்றைய போன் திரைக்கு இன்னும் பொருந்தும். ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்துக்கு முன்னால் மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றியே படித்தாராம். அறுபது மைல் வேகத்தில் காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் கடிகாரத்தின் சத்தம்தான் என்ற அந்தத் தலைப்பு அப்படித்தான் கிடைத்தது. தற்பெருமையும் நிறைய இருக்கும். படிக்கச் சுவையாகவும் இருக்கும்.

சியால்டினியின் 'இன்ஃப்ளூயன்ஸ்' ஆளை ஏமாற்றக் கற்றுத்தரும் புத்தகமா?

கத்தி தேங்காயும் நறுக்கும். ஆளைச் சம்மதிக்க வைக்கும் வித்தைகளைப் பற்றிய இந்தப் புத்தகத்தை 1984இல் ராபர்ட் சியால்டினி பொருள் வாங்குகிறவர் பக்கம் நின்று எழுதினார். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் இதற்கு எப்படி மறுப்புச் சொல்வது என்று ஒரு பகுதி இருக்கும். படித்தவர்கள் அதைத் தாண்டிவிட்டு விற்கிற வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆரம்பத்திலேயே ஒரு நகைக்கடைக் கதை. விற்காமல் கிடந்த டர்க்வாய்ஸ் கல் நகைகளுக்குப் பாதி விலை போடச் சொல்லிக் கடைக்கார அம்மா சீட்டு எழுதிவைக்க, அதைத் தப்பாகப் படித்த பணிப்பெண் இரண்டு மடங்கு போட்டுவிட, எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. ஆறு தத்துவம் சொன்னவர் 2021 பதிப்பில் ஏழாவதைச் சேர்த்தார். அந்தப் பதிப்பு தடி. பழையதே போதும்.

ஆனால் ஒன்று. 'இன்னும் 2 மட்டுமே பாக்கி' என்று பொய்யாகப் போடுவதும், தானாகத் திரும்பத் திரும்ப ஓடும் கவுண்ட்டவுனும் இந்தியாவில் இப்போது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நவம்பர் 30, 2023 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டு வழிகாட்டு விதிகளை அறிவித்தது. போலி அவசரம் அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடைக்குள் நைசாகச் சேர்ப்பது இன்னொன்று. வாடிக்கையாளர் கேட்டால் அந்தப் பட்டியலை அவருக்கு அனுப்பிவையுங்கள், பேச்சு மிச்சம்.

'பொசிஷனிங்' படித்தேன், 'ஹவ் பிராண்ட்ஸ் குரோ' படித்தேன். இரண்டும் எதிரெதிராகப் பேசுகின்றனவே?

ஆமாம், எதிரெதிர்தான். 'பொசிஷனிங்'கில் அல் ரீஸும் ஜாக் டிரவுட்டும் 1981இல் சொன்னது: வாங்குகிறவர் மனசில் யாரும் உட்காராத ஒரு இடத்தைப் பிடி. 'ஹவ் பிராண்ட்ஸ் குரோ'வில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்து பைரன் ஷார்ப் 2010இல் சொன்னது: மனசில் தனி இடம் எல்லாம் கதை, எப்போதாவது ஒரு முறை வாங்குகிற ஆட்களை நிறையப் பேராகச் சேர், அவர்கள் கை நீட்டும் இடத்தில் இரு, கண்டதும் அடையாளம் தெரிகிற மாதிரி இரு.

எனக்கு ஷார்ப் பக்கம் சாய்வு. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றதையும், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகக் கிளம்பி 'சிக்' ஷாம்பூவைப் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கவிட்டதையும் நினைத்துப் பாருங்கள். பாட்டில் வாங்காதவரை வாங்க வைத்தது அந்தப் பாக்கெட்டும், அது தொங்கிய இடமும். ஆனால் சின்னக் கடைக்கு, காசு இல்லாதவருக்கு, முதலில் 'நான் இதற்குத்தான்' என்று ஒரு வரி சொல்லத் தெரிய வேண்டுமே. அதற்கு ரீஸும் டிரவுட்டும் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போடட்டும்.

எஸ்இஓவுக்கு எந்தப் புத்தகம்?

கூகுள் தேடலில் தளத்தை மேலே வரவைக்கும் வேலைக்குத்தான் எஸ்இஓ என்று பெயர். அதற்குப் புத்தகம் எதுவும் வேண்டாம். அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும். கூகுளே இலவசமாக வைத்திருக்கும் தொடக்க வழிகாட்டியை ஒரு முறை படியுங்கள், போதும்.

தொழில் தொடங்கும் முன் ஒன்றே ஒன்று என்றால்?

ராப் ஃபிட்ஸ்பாட்ரிக், 'தி மாம் டெஸ்ட்', 2013. சின்னப் புத்தகம். உன் தொழில் யோசனையை அம்மாவிடம் கேட்காதே, பாசத்தில் பொய் சொல்வாள் என்பது தொடக்கம். உண்மை. "நல்லா இருக்கு கண்ணு, பண்ணு" என்பார்கள். அம்மா மட்டுமா, எல்லாரும் மரியாதைக்கு அதைத்தான் சொல்கிறார்கள். அவர் சொல்லும் வழி: உன் யோசனையைப் பற்றிப் பேசவே பேசாதே. 'இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?' என்பது வீண் கேள்வி. 'போன தடவை இந்தப் பிரச்சினை வந்தபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்?' என்று நடந்ததைக் கேள். ஒன்றுமே செய்யவில்லை என்றால் அது அவருக்குப் பிரச்சினையே இல்லை.

வெப்சைட் ஆர்டர் எடுக்கும்போதும் இதே கேள்விதான் எனக்கு உதவுகிறது. ஆன்லைன் கடை வேண்டும் என்று வந்தார் ஒரு கிரைண்டர் உதிரிபாகக்காரர். "கடைசியா வந்த பத்து வாடிக்கையாளர் எப்படி வந்தாங்க?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஒன்பது பேர் மெக்கானிக் சொல்லி வந்தவர்கள், ஒருவர் சொந்தக்காரர். அவருக்கு வேண்டியது கடை இல்லை, மெக்கானிக்குகளுக்கு அனுப்பப் படம், பார்ட் நம்பர், விலையோடு ஒரு பட்டியல். எனக்கு வரவேண்டிய காசு பாதியானது. ஆனால் அவர் அனுப்பிவைத்த ஆட்களால் நாலு வேலை வந்தது.

எரிக் ரீஸின் 'தி லீன் ஸ்டார்ட்டப்' இதற்கு முன்பே, 2011இல் வந்தது. முழுசாகச் செய்து முடிப்பதற்கு முன் சின்னதாக ஒன்றைச் செய்து சந்தையில் விட்டுப்பார் என்பது. கருத்து நல்லது, புத்தகம் நீளம். மாம் டெஸ்ட் படித்தபின் தேவை என்று தோன்றினால் வாங்குங்கள்.

வேலையை முடித்துக் கொடுத்தும் பணம் வரமாட்டேன் என்கிறது. இதற்குப் புத்தகம் உண்டா?

உண்டு! மைக் மான்டேரோ, 'டிசைன் இஸ் எ ஜாப்', 2012. சான் பிரான்சிஸ்கோவில் டிசைன் கம்பெனி நடத்தியவர். டிசைன் பற்றி ஒன்றும் இருக்காது. விலை சொல்வது, ஒப்பந்தம் எழுதுவது, வேண்டாத வேலைக்கு முடியாது என்பது, இதெல்லாம்தான். 2011இல் பக்கத்தில் தன் வக்கீலையே உட்கார வைத்துக்கொண்டு இதே விஷயத்தை மேடையில் பேசியிருக்கிறார், வீடியோ கிடைக்கும். அதன் தலைப்பை இங்கே எழுத முடியாது.

தொடங்கிய காலத்தில் ஒரு மில்காரருக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் 7' என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஐந்து மாதம் அலைந்து, கடைசியில் ஒரு கட்டு வேட்டியும் பாதிப் பணமும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். இந்தப் புத்தகத்துக்கு அப்புறம் பாதித் தொகை முன்பணம், எத்தனை முறை மாற்றித் தருவேன் என்பது எழுத்தில், மீதி வந்தபின்தான் தளம் நேரலைக்குப் போகும். முன்பணம் கேட்டவுடன் இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும், அவர்கள் பின்பணமும் தந்திருக்க மாட்டார்கள்.

நான்கு பேரை வைத்து வேலை வாங்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அடுத்து?

மைக்கேல் கெர்பர், 'தி ஈ-மித் ரீவிசிட்டட்', 1995. பலகாரம் நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு பெண், அதனாலேயே பலகாரக்கடை நடத்தவும் தெரியும் என்று நம்பி மாட்டிக்கொள்ளும் கதை. கை வேலை வேறு, கடை வேறு. பாதிக்கு மேல் உரையாடல் சவசவ என்று போகும், தாண்டிவிடுங்கள்.

ஜெயித்தவர்கள் கதை, 'குட் டு கிரேட்' மாதிரி?

ரயிலில் படிக்கலாம், வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜிம் காலின்ஸ் 2001இல் 11 கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்து அவை ஏன் உயர்ந்தன என்று எழுதினார். அதில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2009இல் மூடப்பட்டது. இன்னொன்றான ஃபேன்னி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை 2008இல் அமெரிக்க அரசு கையில் எடுக்க வேண்டி வந்தது. ஜெயித்தவனைக் கூப்பிட்டு ஏன் ஜெயித்தாய் என்று கேட்டால் எல்லாமே காரணமாகத்தான் தெரியும். ஃபில் ரோசன்ஸ்வைக் 2007இல் எழுதிய 'தி ஹேலோ எஃபெக்ட்' இந்தக் கோளாறைப் பிரித்து மேய்கிறது. காலின்ஸ் படித்தவர் கண்டிப்பாக இதையும் படிக்க வேண்டும்.

தமிழில் என்ன இருக்கிறது?

வெப் டிசைனுக்கு, நான் தைரியமாகக் கையில் கொடுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. தொழில், நிர்வாகம் பக்கம் நிலைமை பரவாயில்லை. சோம. வள்ளியப்பன், எஸ்.எல்.வி. மூர்த்தி இருவரும் நிறைய எழுதியிருக்கிறார்கள், எளிய நடை. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' பங்குச்சந்தை பற்றியது. தலைப்பைப் பார்த்துத் தொழில் புத்தகம் என்று வாங்கிவிடாதீர்கள். மொழிபெயர்ப்புகளை வாங்கும் முன் நடுவில் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். வரியை மனசுக்குள் திரும்ப ஆங்கிலமாக்கினால்தான் புரிகிறது என்றால் வைத்துவிடுங்கள்.

ஆங்கிலம் தயக்கம் என்றால் க்ரூக், ஃபிட்ஸ்பாட்ரிக், ராபின் வில்லியம்ஸ் மூன்றும் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்குக் கிட்டத்தட்ட எட்டும். நார்மனும் பிரிங்ஹர்ஸ்டும் பிறகு.

விலை அதிகமாக இருக்கிறதே. டெலிகிராமில் பிடிஎஃப் கிடைக்கிறதாமே?

கிடைக்கிறது. எழுதியவருக்குப் பைசா போகாது. அதைவிட, இறக்கி வைத்த பிடிஎஃபை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. சில புத்தகங்களுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பதற்கென்று மலிவுப் பதிப்பு உண்டு, தாள் சுமார், எழுத்து அதேதான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் பத்து சதவீதம் தள்ளுபடி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உட்கார்ந்து படிக்க அருமையான இடங்கள். மேலே சொன்னதில் ஹாப்கின்ஸும் கீத்தும் எப்படியும் இலவசம், இன்றைக்கே தொடங்கலாம்.

ஏஐயே பக்கத்தைச் செய்து கொடுக்கிறது. இன்னும் இதெல்லாம் எதற்கு?

செய்து கொடுக்கும். அந்த மச்சான் டீசல் பில்லின் முதுகில் நம்பரை எழுதியதைப் பார்க்க நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பிரதியைக் கடன் தருவீர்களா?

மாட்டேன். க்ரூக் இரண்டு முறை போய்விட்டது, இப்போது இருப்பது மூன்றாவது. ஆபீசுக்கு வந்தால் உட்கார்ந்து படிக்கலாம், டீ என் செலவு. படித்து முடித்ததும் என் தளத்தில் ஒரு தப்பாவது கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.